கொருக்குப்பேட்டை மாணவி கேட்கிறேன்: படித்துக்கொண்டே சமூகப் பணி செய்யக் கல்லூரிக்குள் என்ன வழி?

கேட்டோரம்

வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் எங்கள் வீடு. பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்.

போன வருடம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்கு ஏழு நாள் போயிருந்தேன். திருவள்ளூர் தாண்டி ஒரு ஊர். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தோம், மரக்கன்று நட்டோம், பிளாஸ்டிக் வேண்டாம் என்று ஊர்வலம் போனோம். கடைசி நாள் ஒரு ஆயா எங்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டே, "உங்க தெருவுல எல்லாம் நல்லா இருக்குதா கண்ணு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருக் குழாயில் அப்போது மூன்று வாரமாகச் சாக்கடை வாடை. அம்மா முதல் இரண்டு குடத்தைக் கீழே கொட்டிவிட்டு மூன்றாவதைத்தான் பிடிப்பார். அதையும் காய்ச்சித்தான் குடிப்போம்.

இன்றைக்கும் அப்படித்தான். மழை நின்றால் கொஞ்ச நாள் சரியாகும், அப்புறம் மறுபடி வரும். வெளியூரில் போய் வெள்ளையடித்துவிட்டு வந்த நான் என் தெருவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது மனசை அறுக்கிறது. கல்லூரி வழியாகவே இந்த மாதிரி வேலையில் இறங்க முடியுமா? என்ன அமைப்புகள் இருக்கின்றன, எதில் சேர்ந்தால் உண்மையிலேயே பயன்? சாயங்காலம் ஏழுக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மணலி பழைய தொண்டர்

தங்கச்சி, நான் மூன்று வருடம் என்.எஸ்.எஸ். தொண்டனாக இருந்தவன். முகாமை மட்டும் வைத்து அதை எடைபோடாதே. அது 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், அதாவது வருடத்துக்கு 120 மணி நேரம் வழக்கமான பணி என்று கணக்கு. ஏழு நாள் முகாம் அதற்கு மேல் தனி. நிறைய கல்லூரிகளில் இந்த 120 மணி நேரம் வளாகத்தைக் கூட்டுவதிலும் விழாவுக்கு நாற்காலி போடுவதிலுமே கரைந்துவிடுகிறது. ஆனால் திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே ஒரு கிராமத்தையோ குடிசைப் பகுதியையோ தத்தெடுத்துத் தொடர்ந்து வேலை செய்யலாம் என்று இருக்கிறது. அந்த இடம் ஏன் கொருக்குப்பேட்டையாக இருக்கக் கூடாது?

உங்கள் திட்ட அலுவலரிடம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடு. தெருப் பெயர், என்ன பிரச்சினை, எத்தனை பேர் வருகிறோம், எந்த நாள், எத்தனை மணிக்கு. வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார். தாளைக் கையில் வாங்கிவிட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அலுவலர் நல்ல மனுஷன், ஆனால் அவருக்கும் வகுப்பு, பேப்பர் திருத்தம், அட்மிஷன் வேலை. வேலையைக் குறைத்துக் கொடுக்கிற மாணவனைக் கண்டால் அவருக்கும் சந்தோஷம்தான்.

இன்னொன்று, இளங்கலையில் பார்ட் ஃபைவ் என்று ஒரு கிரெடிட் இருக்கிறதே, அது விரிவாக்கப் பணிக்குத்தான். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு எல்லாம் அதில் வரும். எப்படியும் ஒன்றில் பெயர் இருக்கும். அந்த நேரத்தைச் சும்மா கழிக்காதே.

பைக்கில் படிப்பவன்

யாரும் வருத்தப்பட வேண்டாம், மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இதெல்லாம் வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாத பிள்ளைகளுக்கு. காலை ஷிப்ட் கல்லூரி முடிந்ததும் நான் சாப்பாடு டெலிவரிக்கு ஓடுகிறேன். ராத்திரி பதினொன்றுக்கு வீடு. என் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான். ஒருவன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான், ஒருத்தி ஜவுளிக்கடையில் நிற்கிறாள். எங்களைப் பார்த்து "சமூக அக்கறை இல்லாத தலைமுறை" என்று விழா மேடையில் பேசுகிறார்கள். நாங்கள்தான் அந்தச் சமூகம். எங்களுக்கு யார் வேலை செய்வது?

முகத்துவாரம்

பைக்கில் படிப்பவன் தம்பி சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. பதிலை அப்புறம் சொல்கிறேன், முதலில் எங்கள் ஊர்க் கதை.

நான் எண்ணூர் மீனவக் குடும்பம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் தார் மாதிரி கெட்டிக் கறுப்பு. அதை அள்ளியது பெரும்பாலும் மனிதக் கைகள்தான். கல்லூரி மாணவர்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். வாளியிலும் குவளையிலும் அள்ளி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வரிசையாக மாற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நான் என்றைக்கும் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் இரண்டு வாரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். மீன் வாங்க ஆளில்லாமல் எங்கள் பெண்கள் கூடையோடு திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். இந்த முறை கொசஸ்தலை ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அலையாத்திச் செடியின் வேரில், வலையில், படகின் வயிற்றில், வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. எங்கள் பக்கம் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பல்லில் பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். அவர்களுக்கு ஆறுதான் கடை, ஆறுதான் கஜானா. எண்ணெய் படிந்த சேற்றில் கை வைத்தால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. நகக்கண்ணில் நிற்கும். என் சித்தப்பா பல நாள் ஸ்பூனால் சாப்பிட்டார். வாழ்நாளில் ஸ்பூன் பிடிக்காத மனுஷன்.

அந்த நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அரிசி கொண்டுவரவில்லை, பேனர் கொண்டுவரவில்லை, ஒரு நோட்டுதான். சனிக்கிழமை தோறும் வந்தாள். யார் யாருக்கு எத்தனை வலை போயிற்று, எந்த வகை வலை, என்ன விலை, படகுப் பதிவு எண், வங்கிப் புத்தகம் இருக்கிறதா, இல்லையா. படகு இல்லாதவர்களுக்குக் கணக்கே இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். கையால் இறால் பிடிப்பவருக்குப் படகும் கிடையாது, பதிவும் கிடையாது. மீன் விற்கும் பெண்ணுக்கும் அதேதான். நிவாரணப் பட்டியலில் அவர்கள் பெயர் எப்படி வரும்? அந்த நோட்டில் இருந்ததை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் மனு எழுதினார்கள். எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனால் கேட்டபோது கையில் கணக்கு இருந்தது.

மூன்று மாதம் வந்தாள். அவள் வீடு வியாசர்பாடி. அவளும் பகுதி நேர வேலைக்குப் போகிறவள்தான், சனிக்கிழமை மட்டும்தான் அவளால் முடிந்தது. பைக்கில் படிப்பவன் தம்பி, உனக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். வாரத்தில் இரண்டு மணி நேரம், அதே நாள், அதே இடம். ஒரே வாரத்தில் ஐம்பது பேர் வந்துவிட்டுப் போவதைவிட எங்களுக்கு அது பெரிசு.

கொடுங்கையூர் 3வது தெரு

கேட்டோரம், உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு அந்தத் தண்ணீர் வருகிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் குப்பைக் கிடங்கு சுமார் 350 ஏக்கர். அதைப் பற்றி எழுதாத ஆளில்லை. ஆனால் எந்த வீட்டில் குழந்தைக்கு மூச்சிழுப்பு, எந்த மாதத்தில் அதிகம் என்று வீடுவீடாக எழுதிவைத்த ஆளைத் தேடத்தான் வேண்டும். பத்து வருடமாகச் சொல்கிறோம், எழுதி வைக்கவில்லை. என் வருத்தமே அதுதான்.

பெரம்பூர் ஓய்வாசிரியை

வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான், அதனால் வரலாற்றிலிருந்தே வருகிறேன். பிள்ளைகளே, நீங்கள் நிற்கும் மண் சாதாரண மண் இல்லை. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பக்கம், பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களை வைத்து. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அடிப்போட, பி.பி. வாடியா தலைவரானார். திரு.வி.க. அதில் கடைசிவரை உழைத்தார். சிங்காரவேலர் 1923இல் மே தினம் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான்.

அந்தக் கதையின் கசப்பான பாதியையும் படியுங்கள். 1921 வேலைநிறுத்தத்தில் சங்கம் சாதியால் உடைந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஆதி திராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அந்த மக்களுக்காகப் பேசினார். ஏன் உடைந்தது? வறுமை எல்லோருக்கும் பொது என்று நினைத்தார்கள், அவமானம் பொது இல்லை என்பதைக் கேட்க யாரும் உட்காரவில்லை. என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் தெருவில் கணக்கெடுக்கும்போதும் இதே சோதனை வரும். குழாய்க்குப் பக்கத்து வீட்டில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தெருக்கோடியில், சாக்கடை ஓரத்தில், வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் முதலில் போங்கள். மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சமாக்கியது. அந்தக் குடும்பங்கள் உங்கள் தெருவுக்கு மிகத் தூரத்தில் இல்லை. சாக்கடை அடைப்பு எடுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், அவர் குழிக்குள் இறங்குகிறாரா என்பதும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கவே கூடாது.

கல்லூரிக்குள்ளேயும் கண்ணைத் திறந்து பாருங்கள். பாலியல் புகார்களுக்கான உள் குழு இருக்கிறதே, புகார் மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அந்தக் குழுவில் மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களைத் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதி சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் நடந்ததா என்று கேட்பதே ஒரு சமூகப் பணி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர் உதவித்தொகை வந்து சேராமல் தேர்வுக் கட்டணத்துக்கு அலையும் பிள்ளைகள் உங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

கேட்டோரம்

அம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குழாய்க்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் தொடங்கலாம் என்று நினைத்திருந்தேன். சரி, தெருக்கோடியிலிருந்து தொடங்குகிறேன்.

கணக்கு எடுத்தால் அப்புறம் எங்கே கொண்டுபோவது? குடிநீர் வாரிய அலுவலகத்தில் அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். "பார்க்கிறோம்" என்றார்கள், அவ்வளவுதான்.

சட்டம் மூன்றாம் ஆண்டு

வாயால் சொன்னதற்கு எங்கேயும் பதிவு இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம். நம் மாநிலத்தில் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்தில் ஒட்டினாலே போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலும், பதில் திருப்தி இல்லாவிட்டாலும் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் தண்ணீர் நாறுகிறது?" என்று கேட்டால் அது தகவல் இல்லை, விளக்கம் கேட்பது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். "எங்கள் தெருவில் கடந்த 12 மாதத்தில் எடுத்த குடிநீர் மாதிரிகளின் தேதி, எடுத்த இடம், எஞ்சிய குளோரின் அளவு, பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகல்." "இந்தத் தெருவிலிருந்து வந்த புகார்களின் பதிவேட்டு நகல், ஒவ்வொன்றின் மேல் எடுத்த நடவடிக்கை." "குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகும் வரைபடத்தின் நகல்." மூன்று கேள்வி போதும். பதிவேட்டை நேரில் பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள்.

அப்புறம் இலவச சட்ட உதவி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், ஆலைத் தொழிலாளர்கள், பேரிடராலும் ஆலை விபத்தாலும் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் வருகிறார்கள். வடசென்னையில் இதில் வராத வீட்டைத்தான் தேட வேண்டும். உதவி எண் 15100. சட்டம் படிக்காதவர்களும் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அரசு சட்டக் கல்லூரி 2018இல் பாரிமுனையை விட்டுப் பட்டறைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போனதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூரம் கூடிவிட்டது. அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. முன்பு வழக்கு பார்க்க வந்தவர்கள் எங்கள் வகுப்பு வாசலைத் தாண்டித்தான் போவார்கள் என்று சீனியர்கள் சொல்வார்கள்.

கொடுங்கையூர் 3வது தெரு

சட்டம் மூன்றாம் ஆண்டு, ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய ஆலை, துறைமுகம் மாதிரித் திட்டம் என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வரும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், சுருக்க அறிக்கை தமிழிலும் கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை எடுத்துவந்து தெருத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிற மாணவர் ஒருவர் இருந்தால் போதும். படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறவர் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

நுண்ணுயிரியல் அக்கா

கேட்டோரம், உங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் அல்லது வேதியியல் துறை இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை வளாகத்துக்குள்ளேயே முடியும்.

இரண்டு எளிய சோதனை. முதலாவது எச்2எஸ் குப்பி. அதில் தண்ணீரை ஊற்றி அறை வெப்பத்தில் வைத்தால், மலக் கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் உள்ளே கறுத்துவிடும். குழந்தைக்குக்கூடக் காட்டிப் புரியவைக்கலாம். இரண்டாவது குளோரின் சோதனை. சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் நிறம் வரும், அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால் கிருமியைத் தடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

இவை எச்சரிக்கைக்குத்தான், சண்டைக்குப் போதாது. சண்டைக்கு ஆய்வகச் சான்று வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதிப்பார்கள். கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வீட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கழுவிவிட்டுப் பிடித்தால் செல்லாது.

பைக்கில் படிப்பவன்

ஐஸ் பெட்டியை நான் கிண்டிக்குக் கொண்டுபோகிறேன். எப்படியும் அந்தப் பக்கம் ஆர்டர் வரும். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மணலி பழைய தொண்டர்

தம்பி, சந்தோஷம். கேட்டோரம், இதையும் யோசித்துப் பார். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது நம் பக்கத்துப் பெண்கள் நிறைய பேர் தன்னார்வலர் ஆனார்கள். தெருவிலேயே சாயங்காலம் வகுப்பு, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த அக்காக்களுக்கு எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்று அத்துப்படி. உன் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கூடவே அழைத்துப் போ. கதவு தானாகத் திறக்கும்.

கேட்டோரம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். செமஸ்டர் தேர்வு.

திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தேன். முதலில் யோசித்தார். பிறகு சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் நான்கு வரை, எட்டு பேருக்கு அனுமதி. அந்த நேரம் 120 மணிக் கணக்கில் சேரும் என்றார். அப்பாவுக்கும் நேரம் சரியாக இருக்கிறது.

தெருக்கோடியிலிருந்து தொடங்கினோம். முதல் வீட்டுப் பாட்டி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு காலண்டரை எடுத்துவந்தார். தினசரி காலண்டர் தாள்கள், நூலில் கோத்தது. எந்த நாள் தண்ணீர் நாறுகிறதோ அந்தத் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் இரண்டு குறி. எட்டு மாதத்துத் தாள்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "யாராவது வந்து கேட்பாங்கன்னு வச்சிருந்தேன்" என்றார். எங்களோடு வந்த இல்லம் தேடிக் கல்வி அக்காவுக்கே அது தெரியாது.

குறி போட்ட தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். பக்கத்துத் தெருவில் கழிவுநீர் மேன்ஹோல் வழிந்ததாக மற்றவர்கள் சொன்ன நாட்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அந்த மேன்ஹோலில் அடைப்பு எடுக்க ஒரு அண்ணன் வருவாராம், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவாராம். அவரைப் பார்த்துப் பேசவில்லை, அடுத்த சனிக்கிழமை பேச வேண்டும்.

தகவல் உரிமை மனு போட்டாகிவிட்டது. சட்டம் மூன்றாம் ஆண்டு நண்பர் எழுதிக்கொடுத்த மூன்று கேள்விதான், பாட்டியின் தேதிகளைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறோம். எச்2எஸ் குப்பி ஐந்து வைத்தோம், மூன்று கறுத்துவிட்டது. அதில் ஒன்று அம்மா பிடிக்கும் அந்த மூன்றாவது குடம்.

நுண்ணுயிரியல் அக்கா, கிருமி நீக்கிய பாட்டில் எங்கள் துறையில் இல்லை. உங்களால் நான்கு தர முடியுமா? தண்ணீர் விடியற்காலை நாலு மணிக்கு வருகிறது. பிடித்ததும் ஐஸில் வைத்துவிடுகிறேன். பைக்கில் படிப்பவன் அண்ணா, வருகிற திங்கள் காலை கேட் பக்கம் வர முடியுமா?

பைக்கில் படிப்பவன்

ஆறு மணிக்கு கேட்டில் நிற்கிறேன். கேட் சாத்தியிருந்தால் இந்தப் பக்கமே இருக்கிறேன், பெட்டியைப் பாலத்தின் கீழ் வழியாகக் கொடுத்துவிடு.

நுண்ணுயிரியல் அக்கா

பாட்டில் ஞாயிறு சாயங்காலம் தருகிறேன், எங்கே வந்து கொடுக்கட்டும் என்று மட்டும் சொல். ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாவதைப் பாட்டி வீட்டுக் குழாயில் பிடி. ஆறாவது, நாறாத தெருவிலிருந்து ஒன்று, ஒப்பிட வேண்டும். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கத்தைக் கை தொடாமல் பிடி. பாட்டிலில் நேரத்தை எழுத மறக்காதே.